துணியில் தங்கிய சத்து: குழந்தைகளின் மலச்சிக்கலும் நம் சமையலறையும்

கேழ்வரகை இரவே ஊறவைத்து, காலையில் அரைத்து, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்து பாலெடுப்பார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நம் வீடுகளில் நடக்கிற முதல் சமையல் பெரும்பாலும் இதுதான். பிழிந்த பாலைக் காய்ச்சினால் கூழ் வழவழவென்று இறங்கும். துணியில் ஒரு கைப்பிடிச் சக்கை தங்கும். அதைச் செடிக்குப் போடுவோம், அல்லது மாட்டுக்கு வைப்போம். பல் முளைக்காத வாய்க்கும் பழகாத குடலுக்கும் ஆரம்ப வாரங்களில் இது சரிதான்.

குழந்தைக்கு ஒன்றரை வயதாகி, முறுக்கைக் கடித்துத் தின்கிற காலம் வந்த பிறகும் அந்தத் துணி நம் கையை விட்டுப் போவதில்லை என்பதுதான் சிக்கல். பருப்பில் மேலாக நிற்கும் தண்ணீர், ரசத்தில் தெளிவு, மாதுளையில் சாறு, தோல் சீவிய ஆப்பிள், காயை ஒதுக்கிவிட்ட சாம்பார் என்று இரண்டு வயது, மூன்று வயது வரை வடிகட்டியதையே ஊட்டுகிறோம். பாசத்தால்தான் செய்கிறோம். ‘செரிக்காது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும்’ என்ற பயத்தால் செய்கிறோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை, முகம் சிவக்க முக்கிக்கொண்டு அந்தக் குழந்தை அழும்போது, ‘சூடு பிடிச்சிருக்கு’ என்கிறோம்.

துணியில் தங்கியதும் தட்டில் ஒதுக்கியதும் நார்ச்சத்து. குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்குவதும், அதற்குப் பருமன் கொடுத்து நகர வைப்பதும் அதன் வேலை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைப் புரட்டினால் கணக்கு கண்ணுக்கு முன் நிற்கும். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. மைதாவிலும் அதே அளவுதான். கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். முழுப் பச்சைப்பயறில் 17. கொய்யாப்பழத்தில் எட்டரை. ‘ராகி கொடுத்தா மோஷன் இறுகுது’ என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். இறுகத்தான் செய்யும். நாரைத் துணியிலேயே விட்டுவிட்டு மாவுச்சத்தை மட்டும் எடுத்து, அதையும் கெட்டியாகக் கிண்டி, மேலே ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஊட்டினால் கேழ்வரகு என்ன செய்யும்?

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நார்ச்சத்து வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேல், வயதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு 8 கிராம், ஐந்து வயதுக்கு 10 கிராம். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், மாலையில் பிஸ்கட்டும் பாலும், இரவில் மறுபடி தோசை என்று போகிற ஒரு நாளில் இது எட்டுவது கடினம். ஆனால் சல்லடையில் சலிக்காத கேழ்வரகு மாவு 30 கிராமில் ஒரு தோசை, தோலோடு நசுக்கிய பாதிக் கொய்யா, ஒரு சின்னக் கிண்ணம் வேகவைத்த பச்சைப்பயறு, இவை மூன்றும் சேர்ந்தாலே கணக்கு 10 கிராமை எட்டிவிடுகிறது. கடையில் விற்கிற நார்ச்சத்துப் பொடி எதுவும் தேவையில்லை.

ஒரு நாள் வலி

மலச்சிக்கல் உணவில் தொடங்கலாம். அதை மாதக்கணக்கில் நீட்டிப்பது பெரும்பாலும் பயம். இதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் எத்தனை கீரை சமைத்தாலும் பலன் குறைவு.

பெருங்குடலின் முக்கியமான வேலைகளில் ஒன்று, தன்னிடம் வந்து சேர்வதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு காய்ந்து இறுகும். காய்ச்சல், ஊர்ப் பயணம், புதிதாகப் பள்ளியில் சேர்த்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருமுறை இறுகிப்போகிறது. வெளியேறும்போது வலிக்கிறது, சில நேரம் லேசாகக் கிழிந்து ஒரு சொட்டு ரத்தமும் வருகிறது. இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்த வலி மறக்காது. அடுத்த முறை உணர்வு வந்ததும் அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க மலம் இன்னும் பெரிதாகிறது, இன்னும் இறுகுகிறது. அடுத்த முறை இன்னும் வலிக்கிறது.

அடக்குகிற குழந்தையை அடையாளம் காண்பது எளிது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கதவுக்குப் பின்னாலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ போய் நின்றுகொள்ளும். கால்களைப் பின்னிக்கொள்ளும், நுனிக்காலில் நிற்கும், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைக்கும். முகம் சிவக்கும், நெற்றியில் வியர்க்கும். ‘பாவம், போக முடியாம முக்குறான்’ என்று பெரியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்தக் குழந்தை போகக் கூடாது என்பதற்காகத் தன் முழு பலத்தையும் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

இப்படியே மாதக்கணக்கில் போனால் மலக்குடல் விரிந்துபோய், உணர்வே மங்கிவிடும். கட்டிப்போன மலத்தைச் சுற்றிக்கொண்டு இளகிய மலம் தானாகக் கசிந்து உள்ளாடையில் படும். குழந்தைக்கே தெரியாது. வீட்டில் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாதுளம் ஓடு வேகவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ‘இவ்வளவு பெரிய பையன், வெட்கமா இல்லையா’ என்று அடிப்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது தவறு என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கசிவு அந்தக் குழந்தையின் கட்டுப்பாட்டில் இல்லை. அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் அடக்குவதும் கூடும்.

எது சிக்கல், எது சிக்கல் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளில் ஏழெட்டு முறை போகலாம். ஒன்றரை மாதம் கடந்த பிறகு ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். போகும்போது மலம் இளகலாக இருந்து, நன்றாகப் பால் குடித்து, எடையும் ஏறினால் அது மலச்சிக்கல் அல்ல. எதுவும் செய்ய வேண்டாம். பெரிய குழந்தைக்கு நாள் எண்ணிக்கையைவிட மலத்தின் தன்மைதான் முக்கியம். பிரிட்டனில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் 1997-ல் வெளியிட்ட ஏழு வகைப் படங்கள் இன்று உலகமெங்கும் குழந்தை மருத்துவர்களின் மேசையில் இருக்கின்றன. ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக வருவது முதல் வகை. வழுவழுப்பாக, நீளமாக, வலியில்லாமல் வருவது நான்காவது. தினமும் போகிற குழந்தைக்கும் முதல் வகையாகவே வந்தால் அது மலச்சிக்கல்தான். வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ போவது, வலி, அடக்குவது ஆகியவை ஒரு மாதம் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பால் டம்ளர்

‘சாப்பாடு சரியா சாப்பிட மாட்டேங்குறான், அதனால பாலாவது குடிக்கட்டும்’ என்பது மலச்சிக்கலுள்ள குழந்தைகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். காரணமும் விளைவும் அதில் தலைகீழாக இருக்கின்றன. காலையில் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று, இரவில் பாட்டிலில் ஒன்று என்று முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் பால் போனால் அந்தச் சின்ன வயிற்றில் சாதத்துக்கும் காய்க்கும் இடமேது? பாலில் நார்ச்சத்து துளியும் கிடையாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். தயிரும் மோரும் அந்தக் கணக்கில்தான் வரும். பாலைக் குறைத்த முதல் சில நாட்களில் குழந்தை அழும், அடம்பிடிக்கும். பிறகு பசிக்கத் தொடங்கும். தட்டில் வைத்ததைத் தொட்டுப் பார்க்கும்.

அளவையும் தாண்டி, சில குழந்தைகளுக்குப் பாலில் உள்ள புரதமே ஒவ்வாமல் மலச்சிக்கல் வருவதுண்டு. இத்தாலியின் பலெர்மோ நகரில், மலமிளக்கி மருந்துக்கும் சரியாகாத 65 குழந்தைகளுக்குப் பசும்பாலை நிறுத்திச் சோயா பால் கொடுத்துப் பார்த்தார்கள். 44 பேருக்குச் சிக்கல் நீங்கியது. 1998-ல் வெளிவந்த அந்த ஆய்வு மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது. அவர்கள் எல்லோரும் நாட்பட்ட தொல்லையோடு சிறப்பு மருத்துவமனைக்கு வந்த குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. எல்லாக் குழந்தைக்கும் பாலை முற்றாக நிறுத்த அது காரணமாகாது. மருந்துக்கு அசையாத மலச்சிக்கல் இருந்தால், மருத்துவர் சொன்ன பிறகு, சில வாரங்கள் மட்டும் முயன்று பார்க்கலாம்.

புட்டிப்பால் குடிக்கிற குழந்தைகளின் வீட்டில் கவனிக்க ஒன்று உண்டு. ‘கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லா தூங்குவான்’ என்று ஒரு கரண்டிப் பொடியைக் கூடுதலாகப் போட்டால் மலம் இறுகும். டப்பாவில் போட்டிருக்கிற அளவைத் தாண்டக் கூடாது.

தட்டில் என்ன வைப்பது

ஆறு மாதத்தில் தொடங்கி எட்டு, ஒன்பது மாதம் ஆனதும் துணியை எடுத்து வைத்துவிடலாம். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, நைசாக அரைத்த மாவிலேயே நீர்க்கக் கஞ்சி காய்ச்சலாம். பருப்பை மேலாக வடிக்காமல் மசித்து, அதிலேயே பூசணி, சுரைக்காய், கேரட், கொஞ்சம் முருங்கைக்கீரை வேகவிட்டு, சாதத்தோடு குழைத்து, ஒரு சொட்டு நெய்விட்டு ஊட்டலாம். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், கையாலோ மத்தாலோ மசித்தால் போதும். குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக மெல்லப் பழகும்.

கேரளத்திலும் அதை ஒட்டிய நம் மாவட்டங்களிலும் நேந்திரங்காயை உலர்த்திப் பொடித்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது வழக்கம். எடை ஏறும் என்பார்கள். வாழைக்காயில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி. மலம் ஏற்கெனவே இறுகுகிற குழந்தைக்கு அந்தக் கஞ்சியைச் சிறிது காலம் நிறுத்திப் பார்ப்பது நல்லது. வாழைப்பழம் என்றால் நன்றாகப் பழுத்தது, தோலில் கரும்புள்ளி விழுந்தது வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பூவன் பழத்தைத் தேடி வாங்குவார்கள். காய்வெட்டாகப் பறித்துப் பழுக்க வைத்த பழத்தைக் கொடுத்துவிட்டு, ‘பழம் கொடுத்தும் போகலை’ என்று சொல்வதில் பயனில்லை.

பழங்களில் எனக்கு முதலிடம் கொய்யாவுக்குத்தான். விலையும் கட்டுப்படியாகும், ஆண்டில் பல மாதம் கிடைக்கும். பழனியை அடுத்த ஆயக்குடியிலிருந்து கூடைகூடையாக வருகிறதே, அந்தக் கொய்யா. சின்னக் குழந்தைக்கு நடுவில் உள்ள விதைப் பகுதியை வழித்தெடுத்துவிட்டு, தோலோடு உள்ள சதையை மசித்துக் கொடுக்கலாம். தோலைச் சீவ வேண்டாம். கொடைக்கானல், ஊட்டி பக்கமிருந்து பிளம்ஸும் பேரிக்காயும் சந்தைக்கு வருகிற மாதங்களில் அவற்றைத் தவறவிடக் கூடாது. அவற்றில் சார்பிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது. குடல் அதை முழுதாக உறிஞ்சுவதில்லை. அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து மலத்தை இளக்கும். உலர்ந்த பிளம்ஸ் மலச்சிக்கலுக்குப் பேர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். நம் வீட்டு வழியில் அந்த இடத்தில் இருப்பது கருப்பு உலர்திராட்சை. பத்துப் பழத்தை இரவில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரிலேயே நன்றாக மசித்துக் கொடுக்கலாம். சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்தால் மறுபடி துணிக்கே போய்விடுகிறோம். முழுத் திராட்சை, நிலக்கடலை, வறுத்த கடலை போன்றவற்றை நாலைந்து வயது வரை அப்படியே கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும்.

காய் ஒதுக்குகிற குழந்தையிடம் கூட்டு, பொரியல் என்று தனியாக வைத்துக் கெஞ்சுவதைவிட, அது விரும்புகிற உணவுக்குள் காயைக் கொண்டுபோவது எளிது. தோசைதான் பிடிக்கும் என்றால் அரிசியில் பாதியைக் குறைத்துக் கம்போ பச்சைப்பயறோ சேர்த்து அரைக்கலாம். பீர்க்கங்காயைத் தோலோடு வதக்கித் துவையல் அரைத்தால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும். மாலையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவித்த கொண்டைக்கடலையை மசித்த உருண்டை, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் நார் நீக்கிய பனங்கிழங்கு. பிஸ்கட், பிரெட், நூடுல்ஸ் எல்லாம் பெரும்பாலும் மைதா என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நாரைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்குப் பாலும் உணவிலுள்ள நீரும் சேர்த்து நாளைக்கு 1.3 லிட்டர், நான்கு முதல் எட்டு வயதுக்கு 1.7 லிட்டர் நீர் வேண்டும். ஒரேயடியாக நாரைக் கூட்டினால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும். இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அளவுக்கு மீறித் தண்ணீரைக் குடிக்கச் சொல்வதிலும் கூடுதல் நன்மை இல்லை.

வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயும்

குழந்தை இரண்டு நாள் போகவில்லை என்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது இன்னும் நடக்கிறது. சோப்புத் துண்டைச் சீவி வைப்பவர்களும் உண்டு. அந்த நேரத்துக்கு மலம் வந்துவிடும். ஆனால் மென்மையான தோல் புண்ணாகும், சோப்பின் காரம் எரியும். ஏற்கெனவே பயந்திருக்கிற குழந்தை, தன்னை நாலு பேர் பிடித்துக்கொண்டு இதைச் செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளும். கைக்குழந்தையின் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பேதியாக விடுவது இன்னும் ஆபத்து. திமிறி அழுகிற குழந்தைக்கு எண்ணெய் மூச்சுக்குழல் வழியாக நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்த கதைகள் தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். அந்த நோயின் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

பாட்டிமார் சொன்னதெல்லாம் தவறு என்று இதற்குப் பொருளல்ல. ஊறவைத்த திராட்சை, பழுத்த பூவன், கீரைக் கடைசல் எல்லாம் அவர்கள் கொடுத்ததுதான். தட்டில் வைத்ததை எடுத்துக்கொள்வோம், மற்றதை விட்டுவிடுவோம்.

உணவு மட்டும் போதாத இடமும் உண்டு. மலம் ஏற்கெனவே கட்டிப்போய், குழந்தை மாதக்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்தால், முதலில் அந்தக் கட்டியை மருந்தால் கரைத்து வெளியேற்ற வேண்டும். அதற்கு முன் நாரை அள்ளிக் கொடுத்தால் அடைப்புக்கு மேல் அடைப்புதான் சேரும். ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவர்கள் 2014-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடியை முதல் மருந்தாகச் சொல்கிறது. அது கிடைக்காத இடத்தில் லாக்டுலோஸ் சிரப். வயதுக்குரிய சாதாரண நார்ச்சத்து போதும், அதற்குமேல் தேவையில்லை என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டி நீங்கிய பிறகும் குறைந்தது இரண்டு மாதமாவது மருந்தைத் தொடர்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டு நாள் நன்றாகப் போனதும் ‘மருந்து பழகிடும்’ என்று நிறுத்திவிடுவதால்தான் பல குழந்தைகள் மறுபடி முதல் நாளுக்கே திரும்புகிறார்கள். இந்த மருந்துகள் குடலைச் சோம்பேறியாக்குவதில்லை.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாதது, பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய சிக்கல், வயிறு வீங்கிப் பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாதது, ரிப்பன் போல மெலிந்து வருவது, கால்கள் பலவீனமாவது, மலத்தில் அடிக்கடி ரத்தம் தெரிவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலறை வைத்தியம் வேண்டாம், அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

வேன் வருவதற்கு முன்

வயிற்றுக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசைந்து கொடுக்கும். இயற்கை தரும் அந்த அழைப்பு காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பலமாக இருக்கும். பள்ளி வேன் ஏழரைக்கு வாசலில் ஹாரன் அடிக்கிற வீட்டில், வாயில் இட்லியோடு ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிற குழந்தைக்கு அந்த அழைப்பு வேனில்தான் வரும். அடக்கியே ஆக வேண்டும். கால்மணி நேரம் முன்னதாக எழுப்பி, சாப்பிட்ட பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். போனால்தான் எழ வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறையில் கால் தொங்கினால் முக்குவதற்குப் பிடிமானம் இருக்காது. காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் முக்காலி போடுங்கள், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரட்டும்.

மாலையில் பள்ளிப் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியபடியே கனமாக இருந்தால், குழந்தை தண்ணீர் குடிக்க மறந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று பயந்து குடிக்காமல் இருக்கிற குழந்தைகள் நிறைய. கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடு. குடித்த பிறகு போவதற்கும் இடம் வேண்டுமே. இலங்கையில் குழந்தை மருத்துவர் ஷாமன் ராஜிந்திரஜித்தும் அவருடைய குழுவினரும் 10 முதல் 16 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் நூற்றுக்கு 15 பேர் அளவில் மலச்சிக்கல் இருந்தது. போர் பாதித்த பகுதிகளிலும் நகரத்துப் பள்ளிகளிலும் அது கூடுதலாக இருந்தது. மன அழுத்தத்துக்கும் குடலுக்கும் உள்ள உறவை அந்த எண்கள் காட்டுகின்றன.

ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கான 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளிகளில் பெற்றோர் உட்கார்ந்து பேசுவதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கிறது. மதிப்பெண் பேசி முடித்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் மதியத்துக்குப் பிறகும் தண்ணீர் வருகிறதா? ஒரு நாளைக்கு எத்தனை முறை கழுவுகிறார்கள்? வகுப்பு நடக்கும்போது ‘மிஸ், போகணும்’ என்று எழுந்து நிற்கிற குழந்தையை உடனே அனுப்புகிறார்களா, அல்லது இன்டர்வெல் வரை உட்காரச் சொல்கிறார்களா? பதிலைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாமல், ஒருமுறை நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.